அம்மாவின் ஆதாருக்காக அலைந்த பதினொரு மாதம்

கோத்தகிரிப் பக்கத்துத் தேயிலைக் காலனி ஒன்றில் இருக்கிறோம். அம்மா இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியவர். வந்த நாளிலிருந்து நாற்பது வருடத்துக்கு மேல் கொழுந்து பறித்தவர். 2024 பிப்ரவரியில் முதியோர் உதவித்தொகைக்கு எழுதிப்போடப் போனபோது முதல் கேள்வியே “ஆதார் கார்டு எங்கே?” என்பதுதான். அம்மாவிடம் ஆதார் இல்லை. இல்லை என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்துக்கொண்டிருந்தோம். அந்த நினைப்பே தப்பு என்று தெரிய பதினொரு மாதமும் ஏழாயிரம் ரூபாயும் போனது. காலனிகளிலும், எஸ்டேட் தொழிலாளர்கள் இருக்கும் வரிசை வீடுகளான லைன் வீடுகளிலும் “போட்டோ எடுத்தாங்க, கார்டு வரல” என்று சொல்லும் வயதானவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளைகளுக்காக நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

முதலில் நான் போனது ஒரு பிரவுசிங் சென்டருக்கு. “அக்கா, நானே அப்ளை பண்ணித் தரேன்” என்று 600 ரூபாய் வாங்கிக்கொண்டு ஒரு ஃபாரத்தை நிரப்பி, ரேஷன் கார்டையும் வாக்காளர் அட்டையையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொண்டார். இரண்டு வாரம் கழித்துக் கேட்டால் “இப்ப போய் போட்டோ மட்டும் எடுத்துட்டு வாங்க” என்கிறார். அந்த ஃபாரம் இலவசமாகக் கிடைக்கும் காகிதம். புது ஆதார் எடுப்பது ஆளில்லாமல் நடக்கிற காரியமே இல்லை. பத்து விரல் ரேகை, இரண்டு கருவிழி, முகம் இந்த மூன்றையும் அனுமதி பெற்ற மையத்தில் உட்கார வைத்துத்தான் எடுக்க முடியும். தாலுகா அலுவலக மையங்கள், சில தபால் அலுவலகங்கள், சில வங்கிக் கிளைகள் ஆகியவற்றில் அந்தக் கருவி உண்டு. நீலகிரியில் ஊட்டி, குன்னூர், கோத்தகிரி, குந்தா, கூடலூர், பந்தலூர் என ஆறு தாலுகா இருக்கின்றன. உங்கள் தாலுகாவில்தான் எடுக்க வேண்டும் என்ற கட்டாயம் கிடையாது, நாட்டின் எந்த மையத்திலும் எடுக்கலாம். ஆனால் 18 வயது தாண்டியவர்களுக்குப் புதிதாக எடுப்பதை எல்லா மையங்களும் செய்வதில்லை. அதனால் பஸ் ஏறும் முன் 1947 என்ற எண்ணுக்கு போன் போட்டு, பெரியவர்களுக்குப் புதிதாக எடுக்கும் மையம் எது என்று கேட்டுவிடுங்கள். காசில்லாத எண், தமிழிலேயே பேசுவார்கள். புதிதாக எடுப்பதற்குக் கட்டணமே கிடையாது. யாராவது காசு கேட்டால் அதுவும் அதே எண்ணில் சொல்ல வேண்டிய விஷயம்.

ஏப்ரலில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு முதல் பஸ்ஸில் மையத்துக்குப் போனேன். ஜெராக்ஸ் மட்டும் எடுத்துப் போயிருந்ததால் திருப்பி அனுப்பிவிட்டார்கள். அசலைத்தான் அங்கேயே ஸ்கேன் பண்ணுவார்கள், பண்ணியதும் கையோடு திருப்பிக் கொடுத்துவிடுவார்கள். அன்றைக்கு எனக்கு ஃபேக்டரி கூலி போச்சு, அம்மாவுக்கு மூட்டு வலியோடு ஏறி இறங்கிய அலைச்சல் வேறு. என்னென்ன எடுத்துப்போக வேண்டும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆளை அடையாளம் காட்ட ஒன்று, முகவரிக்கு ஒன்று, பிறந்த தேதிக்கு ஒன்று. வாக்காளர் அட்டை போன்ற சில ஆவணங்கள் அடையாளம், முகவரி இரண்டுக்கும் செல்லும். லைன் வீட்டில் இருப்பவர்களுக்கு முகவரிதான் தலைவலி. கதவு எண் இருக்காது, மின் ரசீது எஸ்டேட் பெயரில் இருக்கும். அதற்கென்றே ஆதார் ஆணையத்தின் சான்றிதழ் படிவம் ஒன்று இருக்கிறது. போட்டோ ஒட்டி, அதற்கென்று அங்கீகாரம் உள்ள அதிகாரியிடமோ மக்கள் பிரதிநிதியிடமோ கையெழுத்து வாங்க வேண்டும். முத்திரை பாதி போட்டோ மேலும் பாதி காகிதத்திலும் விழ வேண்டும். கையெழுத்தான நாளிலிருந்து மூன்று மாதம்தான் செல்லும். அதில் வெள்ளை மை தடவியோ அடித்துத் திருத்தியோ எழுதினால் செல்லாது. தப்பாகிவிட்டால் சோம்பல் படாமல் வேறு படிவம் எடுத்து முதலிலிருந்து எழுதுங்கள். தனக்கென்று தனியாக ஆவணம் இல்லாதவர்களுக்கும் வழி இருக்கிறது. ஆதார் உள்ள குடும்பத்தலைவர் உடன் வந்து ரேகை வைத்து, இருவர் பெயரும் உள்ள ரேஷன் கார்டை உறவுக்கு ஆதாரமாகக் காட்டி எடுக்கலாம்.

இரண்டாம் முறை எல்லாம் இருந்தது. ஆனால் ரேகை விழவில்லை. இது மலையில் கொழுந்து பறிக்கிற பெண்களின் கதை. வலது கை ஆள்காட்டி விரலும் கட்டைவிரலும் அம்மாவுக்குக் கூழாங்கல் மாதிரி வழவழப்பாக இருக்கும். வெடிப்புக்குள் தேயிலைக் கறை கறுப்பாக ஏறிக் கிடக்கும், எத்தனை சோப்புப் போட்டாலும் போகாது. கருவியில் முதலில் இடது கை நான்கு விரல், அப்புறம் வலது கை நான்கு, கடைசியில் இரண்டு கட்டைவிரலும் சேர்த்து வைக்கச் சொல்வார்கள். அம்மாவுக்கு இடது கை வந்தது, வலது கை சிவப்பிலேயே நின்றது. அங்கே இருந்த பெண் பொறுமையானவர். ஈரத்துணியால் விரலைத் துடைக்கச் சொல்லி, கண்ணாடியையும் துடைத்து, அம்மாவின் கை மேல் தன் கையை வைத்து மெல்ல அழுத்தி நான்கைந்து தடவை எடுத்தார். அதற்குப் பின் அந்த மென்பொருளே இருப்பதில் நல்லதை ஏற்றுக்கொள்கிறது. அவசரப்படும் ஆளாக இருந்தால் ஒரே தடவையில் “ரேகை இல்ல, போங்க” என்று அனுப்பியிருப்பார்.

ரேகைக்கு நான் கற்றுக்கொண்டது இது. போவதற்கு மூன்று நான்கு நாள் முன்பே கொழுந்து பறிப்பதை நிறுத்த வேண்டும். தினமும் இரவு வெதுவெதுப்பான தண்ணீரில் பத்து நிமிடம் கையை ஊறவைத்துத் தேங்காய் எண்ணெய் தடவ வேண்டும். போகிற நாள் காலையில் எண்ணெய்ப் பசையே இல்லாமல் சோப்பால் கழுவிவிட வேண்டும், எண்ணெய் இருந்தால் கோடுகள் அப்பிப்போகும். அதிகம் காய்ந்த விரலும் விழாது, சொட்டச் சொட்ட ஈரமான விரலும் விழாது, லேசான ஈரப்பதம் வேண்டும். டிசம்பர், ஜனவரி உறைபனிக் காலத்தில் கை வெடித்துக் கிடக்கும்போது போகாதீர்கள், தவிர்க்க முடியாவிட்டால் கையைத் தேய்த்துச் சூடாக்கிக்கொண்டு வையுங்கள். ஜன்னல் வழியாக வெயில் நேராகக் கருவி மேல் அடித்தாலும் ரேகை சரியாகத் தெரியாது, இடம் மாற்றி வைக்கச் சொல்லிக் கேளுங்கள். கண்ணில் புரை இருப்பவர்கள் அதை முன்கூட்டியே சொல்ல வேண்டும். குரங்குக் குல்லாவும் மப்ளரும் கழற்றிவிட்டு முகம் முழுசாகத் தெரிய உட்கார வேண்டும்.

விரலே இல்லாதவர்கள், ரேகை முழுக்க அழிந்தவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஆதார் கிடையாது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள். ரேகை வராதவருக்குக் கருவிழி மட்டும் போதும், கருவிழி வராதவருக்கு ரேகை மட்டும் போதும், இரண்டும் முடியாதவருக்கும் பெயர், வயது, முகவரி, முகப்படத்தை வைத்தே பதிவு செய்ய வேண்டும் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் தெளிவாகவே சொல்லியிருக்கிறது. அந்தப் பதிவை விதிவிலக்கு முறையில் போட வேண்டும் என்று மையத்தில் அழுத்தமாகக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை. 2016 ஆதார் சட்டம் இந்தியாவில் வசிக்கும் எவருக்கும் இந்த எண்ணைப் பெறும் உரிமையைக் கொடுக்கிறது.

சரி, பதிவு முடிந்து சீட்டு கொடுத்தார்கள். அந்தச் சீட்டில்தான் என் அடுத்த தப்பு இருந்தது. பிரவுசிங் சென்டரில் நிரப்பிய அதே ஃபாரத்தைத்தான் கொடுத்தேன். அதில் மொபைல் எண் இருக்கும் இடத்தில் அவர் தன் எண்ணைப் போட்டிருந்தார். நான் பார்க்கவே இல்லை. ஆணையத்திலிருந்து வரும் எல்லாத் தகவலும் அவருக்குத்தான் போயிருக்கிறது. மூன்று மாதம் தபால்காரரைப் பார்த்துக்கொண்டே இருந்தோம். ஜூலையில் சீட்டில் இருந்த 14 இலக்க எண்ணையும், பக்கத்தில் அச்சடித்திருக்கும் தேதி, நேரத்தையும் ஆணையத்தின் தளத்தில் போட்டுப் பார்த்தால் நிராகரிப்பு என்று வந்தது. இரண்டும் சேர்ந்து 28 இலக்கம், இரண்டையும் போட்டால்தான் நிலவரம் தெரியும். சீட்டு மங்கிப்போகும், அதனால் வாங்கிய அன்றே போனில் படம் எடுத்து வைத்துவிடுங்கள். நிராகரிப்பு என்ற சொல்லைப் பார்த்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, கீழே ஆங்கிலத்தில் எழுதியிருந்த காரணத்தைப் படிக்காமலேயே மூடிவிட்டேன். அந்த ஒரு வரியை யாரிடமாவது கொடுத்துப் படித்திருந்தால் அன்றைக்கே வேலை முடிந்திருக்கும்.

படிக்காததால் என்ன ஆனது? ரேகை சரியில்லாததால்தான் போயிற்று என்று நானாகவே முடிவு கட்டினேன். ஆகஸ்டில் வேறோர் ஆள் “எனக்கு உள்ளே ஆள் தெரியும்” என்று 1,500 வாங்கிக்கொண்டு இன்னொரு மையத்தில் மறுபடி எடுக்க வைத்தார். மறுபடி மூன்று மாதம். இடையில் வடகிழக்கு மழை. மண் சரிந்து ரோடு அடைபட்டால் பஸ் இல்லை, பஸ் இருந்தால் கரண்ட் இல்லை. நவம்பரில் மறுபடி நிராகரிப்பு. அன்றைக்கு அம்மா சொன்னார், “விடு பாப்பா, அந்தக் காசு இல்லாமலா இத்தனை நாள் இருந்தோம்.” எனக்கு அது தாங்கவில்லை. மறுநாள் ஃபேக்டரி சாப்பாட்டு நேரத்தில் 1947-க்குப் போட்டு, சீட்டு எண்ணைச் சொன்னேன். எதிர்முனையில் இருந்த பெண் ஒரு நிமிடத்தில் சொன்னார், “அவங்களுக்கு ஏற்கெனவே ஆதார் இருக்கும்மா. அதனாலதான் திரும்பத் திரும்ப ரிஜெக்ட் ஆகுது.”

நடந்தது இதுதான். மக்கள்தொகைப் பதிவேட்டுக்காக எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் முன்பு முகாம் போட்டார்கள். தமிழ்நாட்டில் அந்தக் காலத்து ஆதார் பெரும்பாலும் அந்த முகாம்களில்தான் எடுத்தது. காலனியில் எல்லோரும் வரிசையில் நின்று “போட்டோ எடுத்தோம்”. சிலருக்குக் கார்டு வந்தது, அம்மாவுக்கு வரவில்லை. எண் உருவாகிவிட்டது, தபால்தான் வந்து சேரவில்லை. லைன் எண்கூட இல்லாத முகவரி, அப்போது நாங்கள் எஸ்டேட்டின் வேறு டிவிஷனுக்கு, அதாவது வேறு பிரிவுக்கு, மாறியும் இருந்தோம். புதிதாக ஒருவர் ரேகை கொடுத்தால் அதை ஏற்கெனவே உள்ள எல்லோருடைய ரேகையோடும் கருவிழியோடும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் எண் தருகிறார்கள். ஒரு ஆளுக்கு வாழ்நாளில் ஒரே எண். அதனால் ஏற்கெனவே எண் உள்ளவர் நூறு தடவை எடுத்தாலும் நூறு தடவையும் நிராகரிப்புத்தான் வரும். எந்த உள்ஆளும் இதை மாற்ற முடியாது.

வயதானவருக்கு ஆதார் எடுக்கக் கிளம்பும் முன் அவரை உட்கார வைத்து, எப்போதாவது எங்கேயாவது ரேகை வைத்துப் போட்டோ எடுத்தீர்களா என்று கேளுங்கள். பள்ளிக்கூடம், பஞ்சாயத்து ஆபீஸ், சொந்தக்காரர் ஊர் எல்லாவற்றையும் ஞாபகப்படுத்துங்கள். பழைய டிரங்குப் பெட்டி, தகர டப்பா, சாமி படத்துக்குப் பின்னால் எல்லாம் தேடுங்கள், சீட்டு இருந்தால் பாதி வேலை முடிந்தது. சீட்டு இல்லாமல், மொபைல் எண்ணும் இணைக்காமல் இருந்தால் ஆளைக் கூட்டிக்கொண்டு ஆதார் மையத்துக்குப் போய், “புதுசா எடுக்க வேண்டாம், ரேகை வைத்துப் பழைய ஆதாரைத் தேடிப் பிரிண்ட் எடுத்துக் கொடுங்கள்” என்று இதே வார்த்தையில் கேளுங்கள். அப்படிக் கேட்காவிட்டால் மறுபடியும் புதுப் பதிவே போட்டுவிடுவார்கள்.

டிசம்பரில் அப்படித்தான் கேட்டேன். அம்மாவின் விரல் மூன்று தடவை சேரவில்லை. முகாமில் எடுத்தபோது இருந்த ரேகை அதற்குப் பின் பறித்த கொழுந்தில் தேய்ந்துபோயிருந்தது. “பாட்டி, கண்ணை நல்லா விரிச்சு இதுக்குள்ள பாருங்க” என்று கருவிழிக் கருவியைப் பிடித்தார் அந்தப் பையன். உடனே சேர்ந்தது. 30 ரூபாய் வாங்கிக்கொண்டு தாளைக் கையில் கொடுத்தார். தலையில் முக்காடு போட்டு, இன்னும் நரைக்காத முடியோடு அம்மாவின் முகம் அதில் இருந்தது. அம்மா அதை வாங்கி ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டே இருந்தார்.

அந்தத் தாளில் பெயரில் எழுத்துப் பிழை, முகவரி பழைய டிவிஷன், பிறந்த தேதிக்குப் பதில் வெறும் ஆண்டு. அன்றைக்கே ரேகை, கருவிழி, புகைப்படத்தோடு பெயரையும் முகவரியையும் சேர்த்துத் திருத்தக் கொடுத்தேன். ரேகை, கருவிழி, புகைப்படம் புதுப்பிக்கும்போது பெயர், முகவரித் திருத்தத்தையும் கூடவே போட்டால் ஒரே கட்டணம்தான், அப்போது 100 ரூபாய். 2025 அக்டோபர் 1 முதல் அது 125, பெயர் அல்லது முகவரி மட்டும் திருத்தினால் 75. தனித்தனியாகப் போய் இரண்டு தடவை கட்டாதீர்கள். பெயரை வாழ்நாளில் இரண்டு தடவைதான் மாற்றலாம், பிறந்த தேதியை ஒரே தடவைதான். அதனால் பெயரைத் திருத்தும் முன் வங்கிப் பாஸ்புக், ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இலங்கைக் காகிதத்தில் ஒரு பெயர், இங்கே ரேஷன் கார்டில் ஒரு பெயர் என்பது நம் காலனிகளில் வீட்டுக்கு வீடு உண்டு. பணம் வரப்போவது வங்கிக்கு என்பதால் பாஸ்புக்கில் உள்ள எழுத்தையே பிடித்துக்கொள்வது நல்லது, அதற்கு ஒத்துப்போகும் ஆவணம் கையில் இருக்க வேண்டும். அம்மாவுக்கு வாக்காளர் அட்டை ஒத்துப்போனது. வெறும் ஆண்டு இருந்ததை நான் தொடவில்லை. உதவித்தொகைக்கு 60 வயது தாண்டியது தெரிந்தால் போதும்.

பதிவை முடிக்கும் முன் உங்கள் பக்கம் திருப்பி வைத்திருக்கும் திரையில் எல்லாவற்றையும் ஒருமுறை காட்டுவார்கள். அவர்கள் ஆங்கிலத்தில் அடிக்க அடிக்கத் தமிழ் தானாக வந்து விழும், அதில்தான் பிழை நுழைகிறது. ள, ழ, ல இடம் மாறும். கோத்தகிரியில் த் காணாமல் போகும். ஆங்கிலம், தமிழ் இரண்டையும் எழுத்தெழுத்தாகப் படித்துவிட்டுச் சரி என்று சொல்லுங்கள், பின்னால் வரிசை நிற்கிறது என்று கூச்சப்படாதீர்கள். மொபைல் எண்ணையும் வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள். மொபைல் எண்ணை இணைக்க ஆவணம் எதுவும் தேவையில்லை, ஆள் வந்தால் போதும். நடக்க முடியாதவர்களுக்குத் தபால்காரரே வீட்டுக்கு வந்து மொபைல் எண்ணை இணைத்துத் தரும் வசதியும் இருக்கிறது, உங்கள் பகுதித் தபால்காரரிடம் கேட்டுப் பாருங்கள்.

நிஜமாகவே எங்கேயும் எடுக்காத பெரியவர்களுக்கு ஒரு விஷயம். 18 வயதுக்கு மேற்பட்டவரின் புதுப் பதிவு ரேகைச் சோதனையோடு முடிவதில்லை, மாநில அரசின் சரிபார்ப்புக்கும் போகும். ஆறு மாதம் வரை ஆகலாம். விசாரணைக்கு ஆள் வந்தால் காட்ட ஆவணங்களை எடுத்து வையுங்கள். அந்த இடைவெளியில் பதற்றப்பட்டு மறுபடி எடுக்காதீர்கள், அது சிக்கலைத்தான் கூட்டும். குழந்தைகளுக்கு 5 வயதிலும் 15 வயதிலும் ரேகை புதுப்பிக்க வேண்டும், அது இலவசம். மே, ஜூனில் பள்ளிச் சேர்க்கைக் கூட்டம் அலைமோதும், அதற்கு முன்பே முடித்துவிடுங்கள்.

தாயகம் திரும்பியோர் குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று சொல்ல வேண்டும். 1964 இந்திய–இலங்கை ஒப்பந்தத்தில் வந்தவர்களிடம் இருக்கும் பழைய பாஸ்போர்ட், குடும்ப அட்டை, மண்டபம் முகாமில் கொடுத்த காகிதங்கள் எதையும் ஆதார் வந்துவிட்டது என்று தூக்கிப் போட்டுவிடாதீர்கள். ஆதார் குடியுரிமைக்குச் சான்று ஆகாது என்று சட்டத்தின் 9-ஆம் பிரிவே சொல்கிறது. பிள்ளைகளின் சான்றிதழ்களுக்கு அந்தக் காகிதங்கள் நாளைக்கு வேண்டியிருக்கும். பிளாஸ்டிக் உறையில் போட்டு, மழைக்கு ஒழுகாத இடத்தில் வையுங்கள். மலையில் ஈரம் பட்டே பாதிக் காகிதம் அழிந்துபோகிறது.

மொத்தக் கணக்கையும் எழுதி வைத்திருக்கிறேன். பிரவுசிங் சென்டருக்கு 600, உள்ஆள் என்றவருக்கு 1,500, ஒன்பது நாள் கூலி 3,600, பஸ்ஸும் சாப்பாடும் 1,200. அரசுக்குச் சட்டப்படி கட்டியது பிரிண்ட் 30, திருத்தம் 100, பிளாஸ்டிக் கார்டு 50, ஆக 180 ரூபாய். உதவித்தொகை அப்போது மாதம் 1,200. எண் ஏற்கெனவே இருக்கிறது என்று தெரியாமல் போன மாதங்களில் அம்மா விண்ணப்பம்கூடப் போட முடியவில்லை. ஏமாற்றியவர்கள் மேல் கோபம் இருக்கிறது, ஆனால் முதல் நாளே 1947-க்குப் போன் போடாததுதான் எனக்கு இன்னும் வலிக்கிறது.

பிளாஸ்டிக் கார்டு கட்டாயம் இல்லை, பிரிண்ட் எடுத்த தாளும் அதே மதிப்புத்தான். ஆனால் அம்மா கையில் பிடித்துப் பார்க்க ஒன்று வேண்டும் என்று ஆணையத்தின் தளத்திலேயே பணம் கட்டிக் கேட்டேன். கடைகளில் கூடுதல் காசு வாங்கி அச்சடித்துத் தருவதை வாங்காதீர்கள், அது ஆணையம் தருவது அல்ல. இந்த முறை முகவரியில் காலனி பெயர், லைன், வீட்டு எண், எஸ்டேட் தபால் நிலையம், பின்கோடு எல்லாம் சரியாக இருந்தது. ஜனவரியில் ஸ்பீட் போஸ்ட்டில் வந்தது. தபால்காரர் எஸ்டேட் ஆபீஸில் போட்டுவிட்டுப் போகாமல் வீட்டு வாசலுக்கே வந்து அம்மாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். அடுத்த நாளே உதவித்தொகைக்கு எழுதிப்போட்டோம்.